டி.வி.க்குள் பிரவுசர் வைத்தவனுக்கு

கைப்பேசியில் எழுத்து பொடியாகத் தெரிகிறதென்று, மகளுக்கு வரன்களை டி.வி.யில் இருந்த பிரவுசரில்தான் பார்த்துவந்தேன்.

சென்ற மாதம் திருச்செங்கோட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். ராசிபுரத்தில் நாங்கள் நெய்யும் பட்டுச்சேலைகளை இணையத்தில் காட்டலாமென்று அதே பிரவுசரைத் திறந்தேன். முந்தைய நாள் பார்த்த பக்கமே திரை நிறைய வந்து நின்றது. நான் குறித்துவைத்திருந்த மூன்று மாப்பிள்ளைகளின் படங்கள். இவர்கள் பையன் கடைசியில். ரிமோட்டில் எதை அழுத்தியும் அது போகவில்லை.

"ஏனுங்க, எங்க பையன் மூணாவதுங்களா?" என்றார் பையனின் அம்மா. காபியைத் தொடாமலே கிளம்பிவிட்டார்கள்.

கூடத்தில் ஊரே பார்க்கும் பெட்டிக்கு, நான் தனியாகப் பார்த்தது எதற்கு நினைவிருக்க வேண்டும்? அதில் பிரவுசரை வைத்தவன் நிச்சயம் பெண்ணைப் பெற்றவன் இல்லை.

இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு கைப்பேசியில்தான் வரன் பார்க்கிறேன். பெண் பார்க்க யார் வந்தாலும், காபிக்குப் பால் வைக்கும் முன் டி.வி.யின் வயரைப் பிடுங்கிவிடுகிறேன்.