கரிக் கப்பல் வராத வாரம்

காலை ஐந்தேகால் மணி. குழாயடியில் முதலில் கண்ணில் பட்டது கவிழ்ந்து கிடந்த பித்தளைச் சொம்பு. அதற்கு அப்பால் சுவரில் சாய்ந்து பக்கத்து வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். உதட்டில் நிறமே இல்லை. நெற்றி வியர்த்திருந்தது, தொட்டால் சில்லென்று இருந்தது.

1950களின் நடுவில், ராயபுரத்தில் ஒரே முற்றத்தைச் சுற்றிக் குடியிருந்தோம். அவர் துறைமுகத்தில் நிலக்கரிக் கூடை சுமப்பவர். நான் ஒரு பத்திரிகைக்குக் கப்பல் வரவு பற்றிய செய்தி எழுதுபவன்.

அவரையும் அவர் மனைவியையும் கைரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டு நான் பக்கத்தில் ஓடினேன்.

"யோவ், கண்ணைத் தொறந்துகினே இரு. தூங்கிப் பூடாதே" என்று மனைவி கத்தினாள்.

"நீ கத்துற கத்துல எவன் தூங்குவான்?" என்றார். குரல் எழும்பவில்லை. தண்டவாளத்தைத் தாண்டும்போது அவர் தலை தொங்கிவிட்டது. மனைவி அவர் கன்னத்தில் தட்டிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர் நாடி பிடித்தார். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"வெளிக்குப் போறது என்ன நிறம்?"

மனைவிதான் பதில் சொன்னாள். "கறுப்புதான் சார். கரி தூக்குறாரு இல்ல? எச்சி கறுப்பு, மூக்கு கறுப்பு. அந்த கேங்குல அல்லாருக்கும் அப்டிதான் கீது."

டாக்டர் தலையசைத்தார். ரத்தசோகைக்கு டானிக் எழுதக் காகிதத்தை இழுத்தார்.

"டாக்டர், இந்த வாரம் கரிக் கப்பலே வரவில்லை" என்றேன்.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஆமா, அண்ணன் சொல்றது நெசந்தான். வூட்லதான் குந்திகினு இருந்தாரு."

டாக்டர் பேனாவை வைத்தார். நோயாளியையே கேட்டார். "இப்பவும் கறுப்பா?"

"தார் மாதிரி சார். நாத்தம் தாங்கல."

"என்ன மருந்து சாப்பிடறீங்க?"

"மருந்தா? ஒண்ணும் இல்ல சார்."

"தலைவலி, உடம்புவலி மாத்திரை?"

"அது டீயோட போட்டுக்கிறது."

அப்படித்தான் அவரோடு கரி சுமக்கும் கூட்டத்தார் எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். வயிறு நிறைந்தால் கூடையோடு சாய்வுப் பலகையில் ஏற முடியாது. அதனால் விடியற்காலையில் டீ மட்டும், சோறு மத்தியானம்தான். டீக்கடையில் பிஸ்கட் பக்கத்திலேயே ஒரு புட்டியில் ஆஸ்பிரின் இருக்கும். இவருக்கு வலத்தோள் வீங்கி, கை மேலே போகவில்லை. வேலையில்லாத நாட்களிலும் விழுங்கினார்.

"அது கரி இல்லம்மா, ரத்தம்" என்றார் டாக்டர். "வயித்துல புண்ணாகி உள்ளுக்குள்ளேயே வடியுது. குடல்ல இறங்கி வர்றதுக்குள்ள கறுத்துடும்."

அந்த மாத்திரை என்ன செய்கிறது என்பதை வெகு காலம் கழித்துத்தான் ஒரு மருத்துவக் கட்டுரையில் படித்தேன். அடிபட்ட இடத்தில் வீக்கத்தையும் வலியையும் கிளப்பும் ஒரு பொருளை உடம்பே சுரக்கிறது. ஆஸ்பிரின் அந்தச் சுரப்பைத் தடுக்கிறது, வலி அடங்குகிறது. ஆனால் இரைப்பையின் உட்புறத்தை அதன் சொந்த அமிலத்திலிருந்து காப்பதும் அதே வகைப் பொருள்தான். காவல் போனால் புண் வருகிறது. போதாததற்கு, ரத்தம் உறைவதையும் அந்த மாத்திரை தாமதப்படுத்துகிறது.

அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ரத்தம் வேண்டும் என்பதுதான். கூட்டத்தார் வந்து வராந்தாவில் நின்றார்கள். ஊசியைப் பார்த்து ஒருவர் பின்வாங்கினார். "ரத்தம் குடுத்தா நாளைக்குக் கூடை தூக்க முடியுமா நைனா?"

"தாராளமா முடியும்" என்றார் டாக்டர்.

"இவனை நம்பாதீங்க சார், கொசு கடிச்சாலே அழுவான்" என்று இன்னொருவர் சட்டைக் கையை மடித்தார். பரிசோதித்ததில் அவருடைய ரத்தம் பொருந்தியது; அதை எடுத்து ஏற்றினார்கள். சாயங்காலம் வரை நோயாளியின் நாடி படபடவென்று ஓடிக்கொண்டேயிருந்தது. மனைவி அவர் பாதத்தை விடாமல் பிடித்திருந்தாள். விளக்கு ஏற்றும் நேரத்தில் பாதம் சூடாக இருக்கிறது என்றாள்.

அவர் பிழைத்தார். இனி அந்த மாத்திரையைத் தொடவே கூடாது என்று டாக்டர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

அவர் வீடு திரும்புவதற்குள் கரிக் கப்பல் வந்தது. அன்று காலை ஏழு மணிக்கெல்லாம் டீக்கடையில் மாத்திரைப் புட்டியைக் கூட்டத்தார் காலி செய்திருந்தார்கள்.