புல்லறுப்பு நாளில் பதினான்கு பேர்

கில்ட்ரூமா தேவாலயப் பங்கில் எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், யாருக்கு என்ன வயது என்பது பங்குச்சாமியாரைவிட மஜெல்லா டால்டிக்கு நன்றாகத் தெரியும். அவள் தபால்காரி. பத்தொன்பது வருடங்களாக அதே பச்சை வேன், அதே இருநூற்றுச் சொச்சம் வீடுகள். பிறந்தநாள் வாழ்த்து அட்டைகள் வரும் தேதியை வைத்தே பிள்ளைகளின் வயதை மனதில் குறித்து வைத்திருந்தாள். ஒரு பிள்ளைக்கு ஏழு வயது முடிந்துவிட்டால் போதும், அடுத்த வாரமே அந்த வீட்டு வாசலில் கடிதத்தைக் கொடுத்துவிட்டு ஒரு நிமிடம் கூடுதலாக நிற்பாள்.

"டைகுக்கு ஏழு முடிஞ்சிருச்சு போல?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும். புதன்கிழமை ஆறரைக்கு மைதானத்துக்கு அனுப்பி வை. மட்டை, ஹெல்மெட் எல்லாம் நான் தர்றேன்."

"பல்லு?"

"வர்றப்ப எத்தனை பல்லோ, அத்தனையோடவே திருப்பி அனுப்பறேன். போதுமா?"

கில்ட்ரூமா ஃபுட்பால் ஊர்; பந்தைக் கையாலும் பிடித்து ஆடும் உள்ளூர் வகை ஃபுட்பால். கிளேர் மாவட்டத்தின் மேற்குக் கடலோரம் முழுக்க அப்படித்தான். மட்டையால் சிறு பந்தை அடித்து ஆடும் ஹர்லிங் என்றால் கிழக்கு கிளேர். அங்கே பிறந்து வளர்ந்தவள் மஜெல்லா. அக்கா தங்கைகள் ஐந்து பேரும் மாட்டுக்கொட்டகைச் சுவரில் பந்தை அடித்து அடித்தே பெரியவர்களானார்கள். பெண்கள் அணிக்கு அவள் பதினோரு வருடம் கோல் காத்தாள். ஒருமுறை உடைந்த மூக்கு நேராக ஒட்டவில்லை. அதைச் சரிசெய்யவும் அவளுக்குத் தோன்றவில்லை. செனன் டால்டியைக் கல்யாணம் செய்துகொண்டு ஐம்பது மைல் மேற்கே குடிவந்தபோது, துணிப்பெட்டிகளோடு இரண்டு ஹர்லிங் மட்டைகளும் வந்தன. அவை என்னவென்று மாமியாருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தேதான் மறுநாள் காலை ஒன்றை எடுத்துக்கொண்டு மாடு ஓட்டப் போனார்.

மஜெல்லா மாலையில் அந்த மட்டையைக் கழுவித் துடைத்து, படுக்கையறை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

ஹர்லிங் கற்றுக்கொடுக்க அவள் ஆரம்பித்தபோது மூன்றே பேர்: அவளுடைய மகள், மகளின் இரண்டு தோழிகள். இடம், கோவில் வண்டி நிறுத்துமிடம். அந்த மூன்று ஏழாயிற்று, பத்தாயிற்று. பங்குச்சாமியாரின் கார் விளக்கு ஒன்றும் போயிற்று. அதன் பிறகுதான் அவள் ஊர் விளையாட்டு கிளப்பின் கமிட்டி முன்னால் போய் நின்று, மைதானத்தில் வாரத்துக்கு ஒரு மாலை வேண்டும் என்று கேட்டாள்.

கமிட்டித் தலைவர் ஃப்ளான் லில்லிஸ். அறுபத்தெட்டு வயது, எண்பது பால்மாடு, இளவயதில் மாவட்டத்துக்காக ஃபுட்பால் ஆடி வாங்கிய ஒரு பதக்கம். சத்தமாகப் பேசுவார், ஆனால் சொன்ன சொல் மாறமாட்டார்.

"ஒரு வருஷத்துக்குப் புதன்கிழமை உனக்கு," என்றார். "அடுத்த ஜூலை கடைசிப் புதன்கிழமை நானே வந்து தலை எண்ணுவேன். பதினஞ்சு பிள்ளைங்க மட்டையோட நின்னா புதன்கிழமை என்னைக்கும் உன்னோடது. பதினாலுன்னா ஃபுட்பாலுக்குத் திரும்பிடும்."

"பதினஞ்சு எதுக்கு?"

"ஒரு அணிக்குப் பதினஞ்சு பேர். உங்க ஊர்லயும் அப்படித்தானே?"

"எங்க ஊர்ல பயிற்சிக்கு முப்பது பேர் வருவாங்க."

"அப்ப உங்க ஊருக்கே போயிடும்மா."

எல்லோரும் சிரித்தார்கள். மஜெல்லாவும் சிரித்தாள். சிரித்துவிட்டுச் செயலாளரைப் பார்த்து, "அவர் சொன்னதை அப்படியே நோட்டுல எழுதிக்குங்க," என்றாள்.

அவளுக்கு முன்பு இரண்டு பேர் கில்ட்ரூமாவில் ஹர்லிங்கைக் கொண்டுவர முயன்றிருக்கிறார்கள். ஒருவர் பள்ளி ஆசிரியர், இன்னொருவர் போலீஸ்காரர். இருவரும் யார் யாருடைய வயலிலோ விளையாட வைத்தார்கள். வயல்காரருக்கு மாடு மேய்க்க இடம் தேவைப்பட்ட அன்று ஆட்டமும் முடிந்தது. மைதானத்தில் தனக்கென்று ஒரு நாள் இல்லாத ஆட்டம் இந்த ஊரில் நிற்காது என்பதை மஜெல்லா அதிலிருந்து புரிந்துகொண்டிருந்தாள்.

அந்த ஒரு வருடத்தில் அவள் பட்டியலில் இருபது பெயர்கள் சேர்ந்தன. எந்தப் புதன்கிழமையும் பதினேழுக்குக் குறைந்ததில்லை. ஆகவே ஜூலை கடைசி வாரம் வந்தபோது அவளுக்குப் பிள்ளைகளைப் பற்றிய கவலை இல்லை. மழையைப் பற்றித்தான் கவலை. மூன்று வாரமாக விடாத மழை. மைதானம் குளமானால் பயிற்சி ரத்தாகும், ஃப்ளான் எண்ண வந்தால் எண்ணுவதற்கு ஆளிருக்காது.

திங்கட்கிழமை மாலை, மாடத்திலிருந்த குழந்தை இயேசு சொரூபத்தை எடுத்துக்கொண்டு போய் வேலியடியில் வைத்தாள். கல்யாண நாளில் மழை வராமலிருக்க முதல் நாள் எல்லா வீட்டிலும் செய்வதுதான். சொரூபம் வெளியே நின்றால் மறுநாள் வெயிலடிக்கும்.

செவ்வாய்க்கிழமை வெயிலடித்தது. ஒரு துண்டு மேகமில்லை. புதன்கிழமை காலை வேனை எடுத்துக்கொண்டு மூன்றாவது வீட்டைத் தாண்டுவதற்குள், எதிரே நான்கு டிராக்டர்கள் வந்துவிட்டன. ஐந்தாவதுக்கு ஒதுங்க இடமில்லாமல் வேனைப் பள்ளத்தோரம் சாய்த்து நிறுத்தியபோதுதான் மஜெல்லாவுக்குத் தான் செய்த காரியம் உறைத்தது. குளிர்காலத்துக்கு மாட்டுத் தீவனமாகச் சேர்த்து வைக்கும் புல், மழையால் மூன்று வாரம் தாமதமாகி நின்றிருந்தது. இப்போது மழை விட்டுவிட்டது. பங்கு முழுவதும் ஒரே நாளில் வயலில் இறங்கிவிட்டது. அப்பாக்கள் டிராக்டரில், அம்மாக்கள் அடுப்படியில், பிள்ளைகள் வயலுக்குத் தேநீர் சுமந்துகொண்டு. நாலு மைல் தள்ளி இருக்கும் மைதானத்துக்கு ஒரு பிள்ளையைக் காரில் கொண்டுபோய்விட யாருக்கு நேரம்?

"இன்னிக்கா?" என்றாள் டைகின் அம்மா, இரண்டு கையிலும் ரொட்டி மாவோடு. "மஜெல்லா, நீ என்ன பைத்தியமா?"

மதியத்துக்குள் கணக்குத் தெரிந்துவிட்டது. உறுதியாக வருகிறவர்கள் ஆறு பேர்.

செனனுக்குப் போன் செய்தாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வெயில் வேணும்னு நீதானே கேட்ட? அவரும் கொடுத்துட்டாரு. இப்ப அவரை உள்ள தூக்கி வச்சாலும் மழை வராது," என்றான்.

"சிரிக்காத."

"நான் எங்க சிரிச்சேன்? எத்தனை பேரைக் கூட்டிட்டு வரணும், அதைச் சொல்லு."

"ஊருக்குள்ள இருக்கற நாலு பேரை நீ கொண்டு வா. எங்க வரணும்னு அப்புறம் சொல்றேன்."

அவள் அதைச் சொல்லும்போது நின்றுகொண்டிருந்தது நாக்பெக் குறுக்குச்சாலையில், ஃப்ளான் லில்லிஸின் வீட்டு வாசலில். வீட்டை ஒட்டிய பெரிய புல்வெளியை முந்தின நாள் அறுத்து, காலையில்தான் அள்ளியிருந்தார்கள். இப்போது அது மொட்டையாக, தட்டையாக, வெயிலில் மஞ்சள் பூத்துக் கிடந்தது. மஜெல்லா அதைப் பார்த்தாள். பிறகு சாலையின் நான்கு பக்கமும் பார்த்தாள். அங்கிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் எந்தெந்த வீடுகள் என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. பட்டியலில் பதினோரு பேர்.

அடுப்படியில் ஃப்ளானின் மனைவி கொரெட்டி, பன்னிரண்டு ஆட்களுக்குப் பன்றித்தொடை இறைச்சி வைத்து ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கொரெட்டி, அந்தப் பெரிய வயல் காலிதானே? ஆறரைல இருந்து ஒரு மணி நேரம் எனக்கு வேணும்."

"ஃப்ளான்கிட்ட கேட்டியா?"

"அவர் டிராக்டர்ல இருக்கார். அதான் உங்ககிட்ட கேக்கறேன்."

கொரெட்டி கத்தியைக் கீழே வைத்தாள். "அந்த நிலம் எங்கப்பா எனக்குக் கொடுத்தது. முப்பத்தொன்பது வருஷமா ஊர்ல எல்லாரும் அதுக்கு ஃப்ளான்கிட்டதான் கேக்கறாங்க. என்கிட்ட கேட்ட மொத ஆள் நீதான். எடுத்துக்கோ."

மீதித் தபால்களை மஜெல்லா அன்று கொஞ்சம் வேகமாகத்தான் கொடுத்தாள். "மைதானம் இல்ல, நாக்பெக் குறுக்கு ரோடு. சைக்கிள்ல வந்தா போதும். ஏழரைக்கு விட்டுடுவேன்." ஒவ்வொரு வாசலிலும் இதே வார்த்தைகள்.

ஆறரை மணிக்கு நாலு சட்டைகளைக் கழற்றிப் போட்டு இரண்டு கோல் அமைத்தாயிற்று. தலையில் புல்லும் முழங்காலில் மண்ணுமாகப் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். டைக் தன் தேநீர்க் குடுவையோடு வந்தான்.

"இது அப்பாவுக்குக் கொண்டுபோக வேண்டியது, மஜெல்லா."

"கொண்டுபோனியா?"

"பாதி."

"வேலியோரம் வச்சுட்டு ஓடிப்போய்ப் பந்தை எடு."

ஏழு மணிக்கு முன்னால் சாலையில் ஃப்ளானின் டிராக்டர் வந்தது, பின்னால் புல் குவிந்த டிரெய்லரோடு. தன் மனைவியின் வயலில் ஹெல்மெட் போட்ட தலைகள் ஓடுவதைப் பார்த்ததும் வண்டி மெல்ல நகர்ந்து, நின்றே விட்டது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் விரல் ஒவ்வொரு தலையாகச் சுட்டிக்கொண்டு போவது மஜெல்லாவுக்குத் தெரிந்தது. பின்னால் வந்த டிராக்டர் ஹாரன் அடித்தது, போனார். அடுத்த லோடு வந்தபோது மறுபடியும் நின்று எண்ணினார். மூன்றாவது தடவை இறங்கியே வந்துவிட்டார், வேலிக்கதவில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு.

"அந்த உயரமான பொண்ணு யாரு?"

"சொலோமியா. உக்ரைன்ல இருந்து வந்து பழைய விடுதியில இருக்காங்களே, அவங்க பொண்ணு. ரெண்டு வருஷமா நம்ம பங்குதான்."

"அவளுக்கு எப்படி இந்த ஆட்டம் வருது?"

"ஃபுட்பால் தெரியாது பாருங்க, அதான் சீக்கிரம் வந்துருச்சு."

ஃப்ளானின் மீசை ஒருமுறை அசைந்தது. "சரி, பதினாறு. மூணு தடவை எண்ணிட்டேன். வயலோ மைதானமோ, தலை தலைதான். ஜெயிச்சுட்ட."

மஜெல்லா ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தோடு விட்டிருக்கலாம்.

"அந்த ரெண்டு நீலச்சட்டைப் பசங்களைக் கழிச்சிடுங்க," என்றாள். "லீவுக்குக் கவென்ட்ரில இருந்து வந்தவங்க. சனிக்கிழமை கப்பல் ஏறிடுவாங்க."

"அப்ப பதினாலு."

"பதினாலு."

"எதுக்கு வாயைத் திறந்த? எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"உங்க தங்கச்சி பேரப்பசங்க, ஃப்ளான். இப்ப ஹெல்மெட் போட்டிருக்காங்க. ராத்திரி சாப்பாட்டு மேசையில கழட்டுவாங்க."

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வயலைப் பார்த்தார். நீலச்சட்டை ஒன்று அவரைப் பார்த்துக் கையசைத்தது.

"நேத்து ஃபுட்பால் பயிற்சி ஏன் நடக்கலை?" என்று கேட்டாள் மஜெல்லா.

"புல்லறுப்புதான். வேற என்ன?"

"நடத்தியிருந்தா எத்தனை பேர் வந்திருப்பாங்க?"

ஃப்ளான் தொப்பியைக் கழற்றிப் போட்டுக்கொண்டார். "நாலு. அஞ்சுன்னு வச்சுக்கோயேன்."

"எனக்குப் பதினாலு."

"பேச்சு பதினஞ்சு."

"பேச்சு பதினஞ்சுதான். நான் இல்லைன்னு சொல்லலை."

ஃப்ளான் குரலைத் தணித்துக்கொண்டு, "இந்த வயலை எடுத்துக்கோ," என்றார். "புதன்கிழமை தோறும். கோல் கம்பம்கூட நானே நட்டுத் தர்றேன். கமிட்டி, ஓட்டு எந்தத் தொல்லையும் இல்லை."

நல்ல வயல். நல்ல மனதோடுதான் கொடுக்கிறார் என்பதும் தெரிந்தது. பள்ளி ஆசிரியருக்கும் போலீஸ்காரருக்கும்கூட நல்ல மனதோடுதான் வயலைக் கொடுத்திருப்பார்கள்.

"வேண்டாம்," என்றாள். "வயல்ல விளையாடினா எங்க பிள்ளைங்க என்னைக்கும் விருந்தாளிதான். எனக்கு மைதானம் வேணும். விளக்கு, கக்கூஸ், சுவத்துல மாட்டற அணி போட்டோ எல்லாத்தோடயும். கமிட்டியில பதினாலுன்னே சொல்லுங்க. என்னைக்கு எண்ணினீங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க. அது போதும்."

"பிடிவாதக்காரி."

"கோல் காத்தவ."

கமிட்டி அடுத்த திங்கட்கிழமை கூடியது. மறுபடியும் மழை. கிளப் அறையில் பதினோரு பேர், ஈரக் கோட்டு வாசனை. ஓட்டில்லாத மஜெல்லா கதவோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வேன் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஃப்ளான் எழுந்தார். "எண்ணினேன். பதினாலு."

"அப்ப ஒண்ணு குறையுது," என்றார் ஃபுட்பால் பயிற்சியாளர். "முடிஞ்சது. அடுத்த விஷயத்துக்குப் போவோம்."

"நான் இன்னும் முடிக்கலை, உட்காருப்பா. எண்ணினது போன புதன்கிழமை. நான் இருபத்தெட்டு டிரெய்லர் புல் அடிச்ச புதன்கிழமை. அன்னிக்குச் சாயந்திரம் இந்தப் பங்குல அஞ்சு பேரை ஒரு இடத்துல சேர்க்க முடிஞ்சிருக்கும்னு நினைக்கிறவங்க கையைத் தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. அன்று எல்லோரும் வயலில்தான் இருந்தார்கள்.

"பதினாறுன்னு நான் எண்ணி முடிச்சுட்டேன். வெளியூர்ப் பசங்க ரெண்டு பேர்னு சொல்லிக் கழிச்சது அவதான். இனி உங்க இஷ்டம்."

ஓட்டெடுத்தார்கள். புதன்கிழமை ஹர்லிங்குக்கு ஏழு, எதிராக மூன்று. ஜெயிக்க ஆறு போதும். ஆனாலும் தலைவர் கடைசியாகத் தன் கையையும் தூக்கி, எட்டு என்று எழுதச் சொன்னார்.

செயலாளர் எழுதி முடித்தார். "வேற விஷயம் ஏதாவது உண்டா?"

கதவோரத்திலிருந்து மஜெல்லாவின் கை உயர்ந்தது.

"மைதானத்துல புல் ரொம்ப உயரம். ஃபுட்பாலுக்கு அது சரி. எங்க பந்து கைக்குள்ள அடங்கற பந்து, உள்ள போனா காணாமப் போயிடுது. ஒரு அங்குலம் குறைக்கணும்."

"எப்போ?" என்றார் செயலாளர்.

"புதன்கிழமைக்குள்ள."

ஃப்ளான் லில்லிஸ் நாற்காலியில் சாய்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அடியம்மா, இந்த மாசம் நான் அறுத்த புல் உனக்குப் போதாதா?"

"போதாது," என்றாள் மஜெல்லா. செயலாளர் அதையும் எழுதிக்கொண்டார்.