நேற்றைக்கு இன்று தேவலை

இரண்டு கரண்டிகளுக்கு இடையே மாத்திரையை வைத்து நசுக்கி, தூளைத் தேனில் குழைத்துக்கொண்டே சந்திரமோகன் மாஸ்டர் கிரேக்கம் முணுமுணுப்பார். "நெயோஸ், நெயோதெரோஸ்." இளையவன், அதைவிட இளையவன். ஜங்லிகாட்டில் ஒரு சிறிய வேதாகமப் பள்ளியில், போதகராகப் போகிறவர்களுக்கு இந்தியும் தமிழும் கலந்து கிரேக்க இலக்கணம் நடத்துகிறவர். டெலானிபூர் வீட்டில் மனைவி ஜெயராணிக்கு மருந்து புகட்டும்போதும் அந்த முணுமுணுப்பு நிற்காது.

அவருக்குப் பிடித்த சொல் 'கொம்ப்ஸோதெரோன்'. நேர்த்தி என்பதன் ஒப்புநிலை, 'இன்னும் நேர்த்தி'. நோயாளி தேறிவருவதைப் பழைய கிரேக்கர்கள் அப்படியும் சொன்னார்கள்.

"எதைவிடன்னு சொல்லியே ஆகணும்னு இல்ல பாய். கிரேக்கத்துல விட்டுடலாம். படிக்கிறவன்தான் புரிஞ்சிக்கணும்" என்பார் மாணவர்களிடம்.

மாலையில் சென்னையிலிருந்து மகள் சங்கவி கூப்பிடுவாள். "நேத்தைக்கி இன்னிக்கி தேவலை. பிக்கர் மத் கர் மா, கவலப்படாத" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவார்.

பக்கவாதம் கண்ட ஜெயராணிக்கு விழுங்கும் திறன் குறைந்துகொண்டே வந்தது. தாமதிக்காமல் கடல் தாண்டி மெயின்லேண்டுக்குக் கொண்டுபோகும்படி டாக்டர் சொல்லிவிட்டார். மகளுக்கு அது தெரியாது. இந்தத் தீவிலிருந்து சிகிச்சைக்குப் போன மாஸ்டரின் அம்மா பெட்டியில்தான் திரும்பி வந்தார்.

அன்று கஞ்சி புரையேறியது. ஜெயராணியின் உதடு நீலம் பாரித்தது. வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் பேச்சியம்மா அவரை முன்னால் சாய்த்து, முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தார். மூச்சு வரும்வரை மாஸ்டர் கரண்டியும் கையுமாக நின்றார்.

"இப்ப தேவலை" என்றார்.

"என்னத்த தேவலை? நேத்தோட மட்டும் பாத்தா எல்லாந்தான் தேவலை. கிறிஸ்மஸுக்கு இந்தம்மா கறி தின்னுச்சு. ஈஸ்டருக்கு இட்லி. இப்பம் கஞ்சித்தண்ணி எறங்கல. வாத்தியாருதான நீங்க, நீங்களே சொல்லுங்க."

"கொண்டுபோனா திரும்பி வரமாட்டா பேச்சிம்மா."

"இங்கன வச்சிருந்தா மட்டும் எந்திரிச்சு ஓடிருவாகளாக்கும்?"

ஜெயராணியின் கண்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தன. மாஸ்டர் கஞ்சியைக் கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டினார்.

மறுநாள் காலையில் அவரே சங்கவியை வீடியோவில் அழைத்தார்.

"என்னப்பா காலையிலயே? அம்மா எப்பிடி இருக்காங்க?"

அவர் போனைத் திருப்பி ஜெயராணியின் முகத்துக்கு நேரே பிடித்தார். கடைவாயில் வழிந்துகொண்டிருந்ததைத் துடைக்கப் பேச்சியம்மா துணியோடு குனிந்தபோது, வேண்டாமென்று மாஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.