இருட்டில் நிற்காத தக்காளி லாரி

செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் மதியம் ஒரு மணிக்கு சசேகானி படுத்துவிட்டால், ஐந்து மணி வரை அந்த வீட்டில் ஒரு தட்டைக்கூட யாரும் சத்தமாக வைக்க முடியாது. அவள் கணவர் கஸமுலா வாசல் மாமரத்தடியில் நாற்காலியைப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்துவிடுவார். கேட்டைத் தட்ட வருகிறவர்களைத் தூரத்திலேயே கையைக் காட்டித் திருப்பி அனுப்புவார். எதிர்த்த தேவாலயத்தில் வியாழக்கிழமை நடந்துவந்த மேளப் பயிற்சியையே அவர் பாதிரியாரிடம் போய்ப் பேசிச் சனிக்கிழமைக்கு மாற்றியிருந்தார்.

"கடவுளுக்கு எந்தக் கிழமையா இருந்தாலும் காது கேக்கும் ஐயா. என் பொண்டாட்டிக்கு வியாழக்கிழமை கேக்கக் கூடாது" என்றாராம்.

தென்னாப்பிரிக்காவின் வடகோடியில், கியானி ஊருக்குப் பக்கத்தில் அவர்கள் கிராமம். சுற்றிலும் இருபது முப்பது பெண்கள் சேர்ந்து தக்காளி போடுகிறார்கள். அதை ஜோகன்னஸ்பர்க் சந்தையில் விடிவதற்குள் இறக்கியாக வேண்டும். விடிந்து வந்த தக்காளியை வியாபாரிகள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆகவே சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பி, ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டர், ராத்திரிப் பயணம்.

இருபத்திரண்டு வருஷம் அந்த எட்டு டன் லாரியைக் கஸமுலாதான் ஓட்டினார். பிறகு கண் நரம்பு கெட்டுப்போய், எதிரே வரும் விளக்கெல்லாம் பூசணிப்பூ மாதிரி விரியத் தொடங்கியது. டாக்டர் ராத்திரி ஓட்டக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். லாரியை விற்றுவிடலாம் என்று ஊரே சொன்னது. சசேகானி அப்போது நாற்பத்து நான்கு வயதுக்காரி. சாலையோரம் தக்காளியைக் குவித்து வைத்து விற்றுக்கொண்டிருந்தவள். "விக்கிறதுக்கு முன்னாடி நான் ஒருவாட்டி ஓட்டிப் பாத்துடறேன்" என்றாள். ஓட்டிப் பார்க்க ஆரம்பித்து இப்போது எட்டு வருஷம் ஆகிறது.

ஜோகன்னஸ்பர்க் போகும் பெரிய சாலையில் ஓட்டுவது பெரிய வித்தை இல்லை. கல்லுக்கும் ஆணிப்பலகைக்கும் தப்பி ஓட்டுவதில்தான் சிரமம். பொலோக்வானே தாண்டித் தெற்கே போகப் போக, ஊர் விளக்கு இல்லாத இடங்களில், சாலையில் பாறாங்கல்லை வரிசையாக வைத்துவிட்டுப் புல்லுக்குள் படுத்திருப்பார்கள். கல்லில் மோதி டயர் வெடித்து, என்ன ஆயிற்று என்று பார்க்க இறங்குகிறவனை வந்து மொய்த்துக்கொள்வார்கள். நடைபாலத்தின் மேல் நின்று கீழே கல்லைப் போடுகிறவர்களும் உண்டு. கஸமுலா ஒருமுறை முட்டைக்கு மாட்டினார். கண்ணாடியில் நாலு முட்டை வந்து விழுந்தது. வைப்பரைப் போட்டுத் தண்ணீரையும் பீய்ச்சினார். கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றின மாதிரி ஆகிவிட்டது. ஒன்றும் தெரியாமல் ஓரம் கட்டினார். போன், பணப்பை, ஸ்டெப்னி டயர், காலில் கிடந்த ஷூ எல்லாம் போயிற்று. வெறும் காலுறையோடு விடியற்காலையில் வீட்டுக்கு வந்து நின்றார். அன்று அழுத சசேகானி இப்போதெல்லாம் அதைச் சொல்லி அவரைக் கிண்டல் செய்வாள்.

அந்த ராத்திரியிலிருந்துதான் இருவரும் உட்கார்ந்து, சண்டை போட்டுப் போட்டு, தங்களுக்கென்று சில வழக்கங்களைப் பிடித்துக்கொண்டார்கள். பாலம் வந்தால் தூரத்திலேயே மேலே ஆள் நிழல் இருக்கிறதா என்று பார்ப்பது, நுழையும்போது ஒரு தடத்திலும் வெளியே வரும்போது இன்னொரு தடத்திலும் இருப்பது. முட்டை விழுந்தால் வைப்பர் பக்கம் கையே போகக் கூடாது. ஹெட்லைட் எட்டுகிற தூரத்துக்குள் நிறுத்தவோ ஒதுக்கவோ முடிகிற வேகத்துக்கு மேல் போகக் கூடாது. எதிரே வருகிற லாரிக்காரன் இரண்டு முறை விளக்கை அணைத்துப் போட்டால் முன்னால் ஆபத்து என்று அர்த்தம், உடனே காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்துவிட வேண்டும். டயர் போனாலும் வெளிச்சமும் ஆட்களும் உள்ள இடம் வரும்வரை ரிம்மிலேயே உருட்டிக்கொண்டு போக வேண்டும். சாலையில் கிடப்பது எதுவானாலும், குழந்தை நாற்காலியே ஆனாலும், நிற்கவோ இறங்கவோ கூடாது. போன் செய்து சொல்லலாம்.

தூக்கம் வராமலிருக்க அவள் காபியை நம்புவதில்லை. மதியத் தூக்கத்தைத்தான் நம்பினாள். மிச்சத்துக்கு மடியில் ஒரு பை பச்சை வேர்க்கடலை. ஒவ்வொன்றாக உரித்து, ஒவ்வொன்றாக மெல்லுவாள். குளிர்காலத்திலும் ஹீட்டர் போடாமல் ஜன்னலை இரண்டு விரல் இறக்கி வைப்பாள். தேவாலயப் பாட்டை வாய்விட்டுப் பாடுவாள். பாதி வார்த்தை தெரியாது. தெரியாத இடத்தில் தக்காளி விலை வரும்.

ஜூலை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் நடந்தது இது. அங்கே அது குளிர்காலம், நல்ல குளிர். எங்கோ புல் எரிகிற புகை சாலையை அங்கங்கே மூடியிருந்தது. பேலா பேலா தாண்டியதும் வழக்கம்போல் கஸமுலா போனில் வந்தார்.

"மபுண்டா மகளே, எங்க இருக்க?" ஊர் வழக்கப்படி அவர் அவளை எப்போதும் அப்பா பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

"இப்பத்தான் பேலா பேலா தாண்டினேன்."

"பின்னாடி யாராச்சும் ஒட்டிக்கிட்டே வர்றாங்களா?"

"ஒருத்தன் வந்தான். நான் வேகத்தக் கொறச்சதும் பறந்துட்டான். வெள்ளைக் கார். மேல மெத்தையெல்லாம் கட்டியிருக்கு. உங்கள மாதிரியே, பொறுமை இல்லாத ஆளு."

"நான் பொறுமை இல்லாதவனா? உன்னக் கட்டி முப்பது வருஷம் ஆச்சு!"

அவள் சிரித்துக்கொண்டே ஒரு கடலையை வாயில் போட்டாள்.

பத்து நிமிஷம் கழித்து, ஒரு நடைபாலத்தைத் தாண்டி வளைவில் திரும்பியபோது இரண்டு சிவப்பு விளக்குகள் கோணலாகத் தெரிந்தன. அதே வெள்ளைக் கார். ஓரத்தில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. இடது தடத்தில் ரொட்டி அளவுக்கு நாலைந்து பாறாங்கற்கள். ஓட்டியவன் இறங்கி, குனிந்து, போன் வெளிச்சத்தில் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சசேகானியின் கண் அவன்மேல் நிற்கவில்லை. பழக்கத்தால் சரிவின் பக்கம் போயிற்று. காற்றே இல்லை. ஆனாலும் கம்பிவேலி ஓரம் புல் ஒரு இடத்தில் மட்டும் அசைந்தது. ஹெட்லைட்டை உயர்த்தினாள். புல்லுக்கு மேல் ஒரு தலை எழுந்து மறுபடி தாழ்ந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

நிற்கக் கூடாது, போன் செய்து சொல்லலாம். அதுதான் வழக்கம். வலது தடம் காலியாக இருந்தது. போயிருக்கலாம். காரின் பின் கண்ணாடியைக் கையால் துடைத்துத் துடைத்து ஒரு சின்ன முகம் வெளியே பார்த்தது. அவள் காலை எடுத்தாள். லாரி மெதுவாகி, மெதுவாகி, மனிதர் நடக்கிற வேகத்துக்கு வந்தது. ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. பக்கத்தில் வந்ததும்தான் கையை எடுத்து, இடது ஜன்னலைப் பாதி இறக்கிக் கத்தினாள்.

"ஏறுப்பா! கார்ல ஏறு!"

"டயர் போயிடுச்சு மம்மா!"

"தெரியும்! போட்டும்! அப்படியே ஓட்டு!"

"ரிம் போயிடும்!"

"புல்லுக்குள்ள ஆள் இருக்கான்டா! ஏறுடா மடையா!"

அவன் அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். அந்த நேரம் ஒரு கல் வந்து லாரியின் இடது ஜன்னலில் விழுந்தது. கண்ணாடி உப்பு மாதிரி நொறுங்கி இருக்கை முழுக்கச் சிதறியது. இரண்டாவது கல் பின்னால் பெட்டிகளில் 'சதக்' என்று இறங்கியது. தக்காளியில் விழுந்த சத்தம் அவளுக்குத் தெரியாதா. அவன் தாவி ஏறினான். கார் நொண்டிக்கொண்டு கிளம்பியது. அவள் லாரியைக் கொஞ்சம் பின்தங்கவிட்டு, இடது தடத்துக்கு வந்து, காருக்குப் பின்னால் சுவர் மாதிரி ஒட்டிக்கொண்டாள்.

வெளிச்சமுள்ள பெட்ரோல் நிலையம் இன்னும் பதினொரு கிலோமீட்டரில் இருந்தது. இருபது கிலோமீட்டர் வேகம். காரின் முன்சக்கரத்திலிருந்து தீப்பொறி பறந்தது. பின்னால் வருகிற பெரிய லாரிகள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போக, அவள் தன் லாரியின் நாலு எச்சரிக்கை விளக்குகளையும் மினுக்கவிட்டுப் போன் போட்டாள்.

"பெரியவரே, கத்தாம கேளுங்க. பெட்ரோல் போடுற எடத்துக் காவல்காரனுக்குப் போன் பண்ணி, வாசல்ல நிக்கச் சொல்லுங்க. நொண்டிக் கார் ஒண்ணு வருது, பின்னாடி நான் வர்றேன். அப்புறம் ரோந்துக்காரங்களுக்கும் சொல்லுங்க, நடைபாலத்துக்கு அந்தப் பக்கம் கல்லு கெடக்குன்னு."

கஸமுலா கத்தவில்லை. "உனக்கு அடிபட்டுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல. தக்காளிக்குத்தான் அடி."

மூன்று கிலோமீட்டர் போனதும் கார் தயங்கி ஓரம் கட்டப் பார்த்தது. ரிம்மிலிருந்து புகை. சசேகானி ஹாரனை அழுத்தினாள். முன் ஜன்னலிலிருந்து ஒரு பெண் தலையை நீட்டி, உள்ளே இருந்தவனைப் பார்த்துக் கத்துவது காற்றில் கேட்டது. "போயேன்! அந்தம்மா போன்னு சொல்றாங்கல்ல! ரிம்ம நான் வாங்கித் தரேன், போ!" கார் மறுபடி நகர்ந்தது.

அந்தப் பதினொரு கிலோமீட்டர் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடித்தது. பெட்ரோல் நிலைய வாசலில் காவல்காரர்கள் மூன்று பேர் பெரிய டார்ச்சோடு நின்றிருந்தார்கள். கார் உள்ளே போய் வெளிச்சத்தின் நடுவில் நின்றதும், ஓட்டியவன் இறங்கி முதல் வேலையாக ரிம்மைப் பார்த்துத் தலையில் கை வைத்தான். மாஷிலோ என்று பெயர், பள்ளிக்கூட வாத்தியார். அவன் மனைவி மொகாடி மறுபக்கம் இறங்கினாள். கையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. இவ்வளவு நேரமும் அதைக் கீழே வைக்காமல் அணைத்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

"உயிர் மிஞ்சினது பெருசா தெரியல, ரிம்முக்கு அழுவுறான் பாருங்க மம்மா" என்றாள். பிறகு பெட்டியை மெல்லத் திறந்து பார்த்து அவளே அழுதுவிட்டாள். உள்ளே மூன்று அடுக்குக் கல்யாணக் கேக். சனிக்கிழமை அவள் தங்கைக்குக் கல்யாணம். ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் அமுங்கியிருந்தது.

சசேகானி எட்டிப் பார்த்தாள். "இந்தப் பக்கத்த சொவத்துப் பக்கமா திருப்பி வெச்சுடு. யாருக்குத் தெரியப் போவுது?"

மொகாடி அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். பின்னாலிருந்து இரண்டு பெண் குழந்தைகள் போர்வையோடு இறங்கி வந்தார்கள். நசுங்கிய பெட்டியிலிருந்து உடையாத தக்காளிகளாகப் பொறுக்கி சசேகானி ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். சாறு முழங்கை வரை ஒழுக அவர்கள் தின்றார்கள்.

காவல்காரர் ஒருவர் டீ கொண்டுவந்து கொடுத்தார்.   சசேகானி லாரிப் படியில் உட்கார்ந்து அதைக் குடித்தாள். மொகாடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு மிச்ச டீயை இருவரும் மாறி மாறிக் குடித்தார்கள்.

ரோந்து வண்டி வந்து கல்லை எடுத்துப் போட்டது. ஆட்கள் யாரும் அகப்படவில்லை. ரோந்துக்காரர்கள் விசாரித்து எழுதி முடிக்க மணி ஐந்தாகிவிட்டது. ஸ்டெப்னி மாட்டி, ரோந்துக்காரர்கள் துணையோடு மாஷிலோ குடும்பம் கிளம்பியது. உடைந்த ஜன்னலுக்கு அட்டையை ஒட்டிக்கொண்டு சசேகானி சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. வியாபாரிகள் மூஞ்சியைச் சுளித்தார்கள். அவள் நடந்ததைச் சொன்னாள். அதில் ஒருவர், வடக்கே சொந்த ஊருக்கு மாதா மாதம் போய் வருகிறவர், மறுபேச்சில்லாமல் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டார். எண்ணெயில் பொரித்த உருண்டை மாவு ரொட்டி நாலு வாங்கித் தின்றுவிட்டு, லாரிக்குள்ளேயே மதியம் வரை தூங்கினாள். கனவு எதுவும் வரவில்லை.

வீட்டில் கஸமுலா மக்காச்சோளக் களியும் கீரையும் தானே கிண்டி வைத்திருந்தார். அவள் கை கழுவி உட்காரும்வரை பொறுத்திருந்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"நிக்கக் கூடாதுன்னு பேசினோமா இல்லியா?"

"நான் எங்க நின்னேன்? சக்கரம் சுத்திக்கிட்டேதான் இருந்துச்சு."

"ஆமை வேகத்துல போறதுக்குப் பேரு என்ன?"

"மெதுவா போறது."

"மபுண்டா மகளே…"

"அந்தப் புள்ள கண்ணாடியத் தொடச்சுக்கிட்டுப் பாத்துச்சு. நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவர் அவள் தட்டில் இன்னும் ஒரு கரண்டி கீரை போட்டார். நின்றாளா, மெதுவாகப் போனாளா என்ற வழக்கு அந்த வீட்டில் இன்றுவரை தீரவில்லை. விருந்தாளிகள் வந்தால் அவர்களிடமும் தீர்ப்புக் கேட்பார்கள்.

ஒரு மாதம் கழித்து மொகாடி போன் செய்தாள். கல்யாணம் நன்றாக நடந்ததாம். அதே சாலையிலுள்ள பிரிட்டோரியாவில் தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, மறுபடி போக வேண்டும், மாஷிலோவுக்குப் பள்ளிக்கூடம் விட்டு ராத்திரியில்தான் முடியும் என்றாள். "நீங்க எந்த நாள் போவீங்க மம்மா? உங்க பின்னாடியே வந்துடறோம்."

சசேகானி அவர்களைப் பொலோக்வானேக்கு வெளியிலுள்ள பெட்ரோல் நிலையத்தில் காத்திருக்கச் சொன்னாள். அந்த வியாழக்கிழமை ஒரு கார் வந்தது. அடுத்த வியாழக்கிழமை மாஷிலோவின் பள்ளிக்கூடத்து நர்சம்மா ஒருத்தியும் வந்தாள். அப்புறம் மருந்துக் கம்பெனி வேன் ஒன்று, முட்டை வியாபாரி ஒருவர், மாமியாரைப் பார்க்கப் போகிற புது மாப்பிள்ளை. இப்போது வியாழக்கிழமை எட்டரை மணிக்கு அங்கே போனால் நாலைந்து வண்டியாவது தக்காளி லாரிக்காகக் காத்திருக்கும். சசேகானி இறங்கி, ஒவ்வொரு வண்டியாகப் போய் டயரை உதைத்துப் பார்ப்பாள். ஓட்டுகிறவரின் கண்ணை வெளிச்சத்தில் பார்ப்பாள். தூக்கக் கண் என்றால் ஒரு கை கடலையைக் கொடுத்து, "அரை மணி நேரம் படு, எல்லாரும் நிக்கிறோம்" என்பாள். யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

போன வாரம் புது மாப்பிள்ளைதான் பொறுக்காமல் கேட்டான்.

"எண்பதுக்கு மேல போகவே போகாதா மம்மா, இந்த லாரி?"

"போகுமே. அவசரம்னா நீ முன்னால போ தம்பி."

அவன் இருட்டைப் பார்த்தான். சாலையைப் பார்த்தான். பிறகு தன் காரில் ஏறி, வரிசையில் மூன்றாவதாக வந்து நின்றான்.