மெட்ராஸ் வாங்க

நானும் என் கூட்டாளியும் சினிமாவுக்குப் போவதென்று முடிவெடுத்தபோது எங்கள் கையில் ஒரு கதையும் ஒரு குரலும்தான் இருந்தன. கதை என்னுடையது, குரல் அவனுடையது. எழுபதுகளின் கடைசி அது. கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் லேப் அட்டெண்டர். திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டோரம் அறை எடுத்துத் தனியாக இருந்தேன். அவன் தியேட்டர்காரர்களுக்காக ஜட்கா வண்டியில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விளம்பரம் சொல்கிறவன். ஒரே படத்தை ஒரு வாரம் முழுக்க 'இன்றே கடைசி' என்று கூசாமல் கூவுவான்.

தினமும் சாயந்திரம் என் அறைக்கு வருவான். அவனைத் தவிர அந்தப் படியில் ஏற வேறு ஆளில்லை. ஆறு வருஷம் அப்படித்தான் போயிற்று. கிணறு வெட்டுகிற ஒருவனைப் பற்றி நான் எழுதி எழுதித் திருத்திய கதையை அவன் பாட்டு, சண்டை, அழுகை எல்லாவற்றோடும் நடித்துக் காட்டுவான். பார்க்க நான் ஒருவன்தான். எனக்கே சில நாள் அது என் கதைதானா என்று சந்தேகம் வந்துவிடும். மெட்ராஸுக்கு நாங்கள் போட்ட கடிதங்களில் ஒன்றுக்கும் பதில் இல்லை.

அப்போதுதான் ஒரு லாட்ஜ் மேனேஜர் அவனிடம் சேதி சொன்னார். ஒரு படத் தயாரிப்பாளர் வந்திருக்கிறார், நாளைக் காலையில் மலையைச் சுற்றப் போகிறார், ஆனால் சுற்றி முடித்துக் கோயிலுக்குள் போய்வரும் வரை மௌன விரதம், வாயே திறக்க மாட்டார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவன் முகமோ மலர்ந்துவிட்டது.

"நல்லதுதான்டா. வேணாம்னு சொல்ல முடியாதுல்ல" என்றான்.

விடிந்ததும் ராஜகோபுரத்தடியில் அவரைப் பிடித்துக்கொண்டோம். கும்பிட்டார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அவன் ஆரம்பித்துவிட்டான். முகம் தெரிய வேண்டுமே என்று அவருக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்தான். அக்னி லிங்கம் தாண்டுவதற்குள் முதல் பாட்டு முடிந்தது. ஆசிரமத்துப் பக்கம் இரண்டு வெள்ளைக்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கதாநாயகனின் அப்பா கிணற்றில் சாகிற இடத்தில் தயாரிப்பாளர் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். உருகிவிட்டார் என்று நான் பூரித்துப்போய்த் திரும்பினால் பக்கத்தில் எம லிங்கம்.

பதினாலு கிலோமீட்டர். நான் நோட்டைப் பிடித்தபடி பின்னால் நடந்து, அவன் மறந்த இடத்தில் அடியெடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் என் வேலை.

மறுபடி கோபுரத்துக்கு வந்ததும் அவர் சட்டைப்பையிலிருந்து காகிதம் எடுத்து எழுதி அவனிடம் நீட்டினார். ஒரு முகவரி, அதற்குக் கீழே 'மெட்ராஸ் வாங்க'. எழுதிய கையோடு கோயிலுக்குள் போய்விட்டார்.

அந்த 'வாங்க' என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அன்று முழுவதும் மண்டையை உடைத்துக்கொண்டோம். அவனைக் கூப்பிட்டாரா, இரண்டு பேரையுமா? கடைசியில் அவன்தான் தீர்ப்புச் சொன்னான்.

"என்னை ஒருத்தனைக் கூப்டுறதா இருந்தா 'வா'ன்னுதானேடா எழுதுவாரு? இந்த ஊர்ல எனக்கு எவன்டா 'வாங்க' போட்டிருக்கான்?"

அதில் நியாயம் இருந்தது. வண்டியில் கூவுகிறவனையும் லேப் அட்டெண்டரையும் யாரும் 'ங்க' போட்டு அழைத்ததில்லை. இரண்டு பேரையும் சேர்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று நம்பினேன். நம்பினேன் என்ன, அதுவே என் ஆசை. வயிற்றுவலி என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவனோடு பஸ் ஏறினேன்.

கோடம்பாக்கத்தில் மாடியில் ஆபீஸ். உள்ளே நுழைந்தபோது டீ கொண்டுவந்த ஆளிடம் தயாரிப்பாளர், "அங்க வைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாசலைக் கூட்டுகிற அம்மாவிடமும் "அப்புறம் கூட்டுங்க" என்றார். எனக்கு அப்போதே உறைத்துவிட்டது. மனுஷர் எல்லாருக்கும் 'ங்க' போடுகிறவர்.

"வாங்க தம்பி" என்றார், அவனை மட்டும் பார்த்து. "அன்னிக்கு நடந்துகிட்டே பத்துப் பேரா நடிச்சீங்க. கதை கெடக்கட்டும். அடுத்த படத்துல ஒரு சின்ன வேஷம் இருக்கு, இங்கியே தங்கிடுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "இவரு யாருங்க?"

கதையை எழுதியவன் என்று அவன் சொல்லியிருக்கலாம். சொன்னால் தன் வேஷமும் போய்விடும் என்று பயந்தானோ என்னவோ. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"ஊர்லேர்ந்து துணைக்கு வந்தாருங்க."

வாடா போடா என்பதைத் தவிர ஆறு வருஷமாக அவன் வாயிலிருந்து எனக்கு வேறு வார்த்தை வந்ததில்லை. அன்றைக்குத்தான் மரியாதை கொடுத்தான். அவனை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. அதே சமயம் அவனுடைய கழுத்து வேர்த்துக் கொட்டியதையும் பார்த்தேன். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒருவேளை கதையைக் கேட்டிருப்பார், ஒருவேளை இரண்டு பேரையும் வெளியே போகச் சொல்லியிருப்பார். தயாரிப்பாளர் என் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க, துணைக்குத்தான்" என்றேன்.

அன்றைக்கே ஊர் திரும்பினேன். பஸ்ஸில் பக்கத்து இடம் செங்கல்பட்டு வரை காலியாகவே இருந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் வயிற்றுவலி தேவலையா என்று ஹெட்மாஸ்டர் விசாரித்தார். தேவலை சார் என்றேன்.

சாயந்திரம் அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். அவன் வருவான் என்று ஆறு வருஷமாக நான் தாழ்ப்பாளே போட்டதில்லை. அது துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டுத்தான் நகர்த்த வேண்டியிருந்தது.