டேங்கில் துணி சோப்பு

பச்சைமலையில் கூடாரம் அடித்துத் தங்கக் கிளம்பியவன், பெரம்பலூரில் ஒரு மெக்கானிக் ஷாப் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். போன மாதம் திருச்சியில் வாங்கிய பழைய மிலிட்டரி ஜீப். "ஸ்பேனரே படாத வண்டி" என்று சத்தியம் செய்துதான் விற்றார் அந்த மனிதர். காலையிலிருந்து இது மூன்றாவது கோளாறு: பெட்ரோல் டேங்க் ஒழுகுகிறது.

ஜீப்புக்கு அடியிலிருந்து மெக்கானிக் சிரித்துக்கொண்டே வெளியே வருகிறார்.

"இந்த விரிசல்ல துணி சோப்பு வெச்சு அடைச்சதே நாந்தான் சார். திருச்சி வரைக்கும் தாங்கும், போனதும் வெல்டிங் வெச்சிருங்கன்னு சொல்லித்தான் அப்ப இத ஓட்டிட்டு வந்தவர அனுப்பினேன்."

"வெச்சாரா?"

"எங்க? உங்ககிட்ட வித்துட்டாருல்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் நிதானமாகப் புதுச் சோப்பைப் பிசைகிறார்.

"இது எவ்வளவு தூரம் தாங்கும்?"

"திருச்சி வரைக்கும் தாங்கும் சார்."

அங்கே இந்த ஜீப்பை யார் தலையில் கட்டலாம் என்று யோசிக்க ஆரம்பிக்கிறேன்.