கள்ளிக்கு ஊற்றிய தீர்த்தம்

ராஜபாளையத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர் ஒல்லியான மில் மெக்கானிக். மனைவி வயிற்று ஆபரேஷன் முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த அம்மா வளர்த்த கள்ளிச் செடிகளை இவர் வீட்டுக்குள் வைத்து, தினமும் விரலால் அழுத்திப் பார்ப்பார். மார்கழிக் குளிரில் கள்ளி தூங்கும், தண்ணீரே கூடாது என்பது மனைவியின் உத்தரவு.

ஒருநாள் அடி அழுகிய செடியோடு ஓடிவந்தார்.

“தண்ணி ஊத்தித் தொலச்சீகளா?” என்று கத்தினேன்.

“இல்லண்ணே. அவ பொழைக்கணும்னு தெனமும் ஆண்டாள் கோயில் தீர்த்தம்தான் ஊத்துனேன்.”

“தீர்த்தமும் தண்ணிதான்யா, கூறுகெட்ட மனுசா!”

அவர் முகம் வெளுத்தது.

“அவளுக்கும் தண்ணி குடுக்கக் கூடாதுன்னாக டாக்டரு. இப்பத்தான் தீர்த்தம் குடுத்துட்டு வாரேன்.”

பைக்கை எடுத்தேன். ஆஸ்பத்திரி வரை என் சட்டையைப் பிடித்திருந்த அவர் பிடியின் இறுக்கம் இன்னும் முதுகில் இருக்கிறது.